தந்தி அறுந்த பிறகு: பக்கவாத்தியக்காரர் பதில்கள்

சென்ற மாதப் பகுதியில், ஒரு திருமண மண்டபத்தின் மேடைப் பலகை உள்வாங்கி, கடம் வித்துவான் கடத்தோடு இடுப்பளவு கீழே இறங்கிப்போனதைப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். கடம் உடைந்ததா என்று கேட்டுத்தான் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன; வித்துவானைப் பற்றி விசாரித்தவர்கள் இரண்டே பேர். கடம் உடையவில்லை. மானாமதுரைக் கடம் அப்படியொன்றும் பூஞ்சையானதல்ல. வித்துவானுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அன்றைய மங்களம் வரை அவர் பள்ளத்தில் உட்கார்ந்தபடியே வாசித்தார். முப்பத்தைந்து ஆண்டுகளாக வயலின் பக்கவாத்தியமும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டு வாடகைக்காகச் சில ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் கீபோர்டும் வாசித்தவன் என்ற முறையில், மற்றக் கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்களைத் தருகிறேன்.

கச்சேரியின் நடுவில் வயலின் தந்தி அறுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பாடகர் நிறுத்திவிடுவாரா? (வாசகர், மயிலாடுதுறை)

நிறுத்த மாட்டார், நிறுத்தவும் கூடாது. நம் வயலினில் நான்கு தந்திகளையும் ஷட்ஜம், பஞ்சமம், மறுபடி ஷட்ஜம், பஞ்சமம் என்று சேர்த்திருப்போம். அறுவது பெரும்பாலும் கடைசியில் உள்ள மெல்லிய எஃகுத் தந்திதான். விரல் வியர்வையில் துருப்பிடித்தோ, தந்திகளைத் தாங்கும் குதிரையின் பள்ளத்தில் உராய்ந்து தேய்ந்தோ, சுருதி சேர்க்கும் முளையான பிரடையைச் சற்று முறுக்கும் நேரத்தில் அது போய்விடும். மாற்றுத் தந்தி பெட்டியில் இருக்கும். அதைப் பூட்டுவதற்கு மூன்று நான்கு நிமிடங்கள் போதும். ஆனால் புதுத் தந்தி சொன்ன இடத்தில் நிற்காது. இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், அடுத்த கால்மணி நேரத்துக்கு ஒரு கண் ராகத்திலும் ஒரு கை பிரடையிலுமாக வாசிக்க வேண்டியிருக்கும்.

அந்த மூன்று நிமிடங்களை உங்களுக்காக யார் நிரப்புகிறார் என்பதுதான் விஷயம். சென்னையில் ஒரு மார்கழிக் கச்சேரியில், இரண்டாவது உருப்படியின் கற்பனாஸ்வரத்தின்போது என் பஞ்சமத் தந்தி அறுந்து கன்னத்தில் கோடு கிழித்தது. பாடகர் பெருந்தன்மை மிக்கவர். நான் பெட்டியைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, மிருதங்க வித்துவானை நோக்கித் தலையை அசைத்து, இன்னும் ஒன்றரை மணி நேரம் கழித்து வர வேண்டிய தனி ஆவர்த்தனத்தை, அதாவது மிருதங்கம் தனியாக வாசிக்கும் பகுதியை, அங்கேயே விட்டுக்கொடுத்தார். அவரும் மிக நன்றாகவே வாசித்தார். பாடகர் கணக்கிட மறந்தது ஒன்றே ஒன்றுதான்: தனி தொடங்கினால் எழுந்து கேன்டீனுக்குப் போவது என்று நம் ரசிகர்களுக்குப் பல்லாண்டுப் பழக்கம் இருக்கிறது. நான் தந்தியைச் சேர்த்து நிமிர்ந்தபோது அரங்கில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. பிரதான உருப்படி பாடப்பட்டபோது ரசிகர்கள் கீரை வடையோடு இருந்தார்கள். அந்தச் சபாவின் கேன்டீன்காரர் மட்டும் அடுத்த ஆண்டும் என்னை அன்போடு விசாரித்தார்.

இதே விபத்தின் உன்னதமான வடிவத்தைக் காண விரும்புகிறவர்கள் 1986 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் டாங்கிள்வுட்டில் நடந்ததைத் தேடிப் பார்க்கலாம். வெக்கையும் புழுக்கமும் நிறைந்த மாலை. பதினான்கு வயது வயலின் கலைஞர் மிடோரி, லெனர்ட் பெர்ன்ஸ்டைன் எழுதிய ‘செரினேட்’ என்னும் படைப்பை, அவரே நடத்திய பாஸ்டன் சிம்பொனி வாத்தியக் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பகுதியில் அவருடைய மெல்லிய தந்தி அறுந்தது. மேலைநாட்டு மரபுப்படி முதல் வயலின்காரரிடம் திரும்பி, அவருடைய வயலினை வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். அதிலும் அதே தந்தி அறுந்தது. துணை முதல் வயலின்காரரின் வயலினை வாங்கி வாசித்து முடித்தார். அவருடைய சொந்த வயலின் முழு அளவைவிடச் சிறியது என்பதையும், இரவல் வயலின்களில் ஸ்வரங்களின் இடங்கள் சற்றுத் தள்ளியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அந்தச் சிறுமி செய்தது என்ன என்று விளங்கும். விரல்கள் இடம் தவறவில்லை. எனக்கு அந்தச் சம்பவத்தில் மிகவும் பிடித்தது மிடோரி அல்ல. ஒரு நொடிகூடத் தயங்காமல் தங்கள் வயலினைத் தூக்கிக் கொடுத்த அந்த இருவர்தான். என் வயலினை நான் அப்படிக் கொடுப்பேனா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மிருதங்கக்காரர் அடிக்கடி கல்லை எடுத்துத் தட்டுகிறாரே, அது வாசிப்பா, பாவனையா? (வாசகி, கோயம்புத்தூர்)

இரண்டும் இல்லை, அது வானிலை. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை பாடகரின் ஷட்ஜத்தோடு சேர்ந்திருக்க வேண்டும், அதுவோ தோல். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். குளிர்சாதன அரங்கிலோ, சூடான மேடை விளக்கின் அடியிலோ தோல் காய்ந்து விறைத்துச் சுருதி ஏறும். ஓரப் பின்னலை மேலிருந்து தட்டினால் வார்கள் இறுகிச் சுருதி உயரும். கீழிருந்து மேலாகத் தட்டினால் இறங்கும். கடற்கரை ஊரில் வீட்டில் சேர்த்துக்கொண்டு வந்த மிருதங்கத்தைக் குளிர்சாதன அரங்கில் வைத்தால், அது தன்போக்கில் வேறொரு பாடகருக்குத் தயாராகிக்கொண்டிருக்கும்.

இடப்பக்கத்துத் தொப்பியின் கதை வேறு. அதற்குக் கனமான நாதம் வர, கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நடுவில் அப்புவார்கள். அந்த ரவை உலர்ந்தால் விழுந்துவிடும். ஒரு கோயில் உற்சவத்தில் அது விழக்கூடவில்லை. வித்துவான் ரவையை அப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போன இடைவெளியில் பந்தலுக்குள் வந்த ஒரு காக்கை, பிசைந்த ரவை முழுவதையும் நிதானமாகக் கொத்தித் தின்றுவிட்டுப் பறந்தது. பாடகர் வர்ணத்தைத் தொடங்கிவிட்டார். வித்துவான் ஒரு தொண்டரை அழைத்துக் காதோடு காதாக, “அவசரமாகக் கொஞ்சம் ரவை கொண்டு வாருங்கள்” என்றார். தொண்டர் மிகுந்த பக்தியோடு மடப்பள்ளிக்கு ஓடி, வாழை இலையில் ஆவி பறக்க ரவா கேசரியோடு திரும்பி வந்தார். வித்துவான் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தொப்பியைப் பார்த்தார். ஒரு கணம் அவர் அதையும் பரிசீலித்தார் என்றே நான் இன்றுவரை நினைக்கிறேன். முந்திரிப் பருப்புதான் தடுத்திருக்க வேண்டும்.

சுருதி சேர்ப்பதைப் பற்றிக் கேட்டதால் இன்னொன்று. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் வங்கதேச அகதிகளுக்காக நடந்த நிகழ்ச்சியில், ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் சுருதி சேர்த்து முடித்ததும் அரங்கமே கைதட்டியது. சுருதி சேர்த்ததையே இவ்வளவு ரசித்தீர்களென்றால் வாசிப்பை இன்னும் அதிகமாக ரசிப்பீர்கள் என்று நம்புகிறேன் என்ற பொருளில் ரவிசங்கர் பதில் சொன்னார். நம் ரசிகர்கள் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்கள். அவர்கள் வாசிப்புக்கே சில நாள் கைதட்டுவதில்லை.

மெல்லிசை மேடையில் உங்களுக்கு நேர்ந்த மிகப் பெரிய அவமானம் எது? (வாசகர், திருச்சி)

கீபோர்டில் ‘ட்ரான்ஸ்போஸ்’ என்று ஒரு பொத்தான் உண்டு. விரல்கள் பழகிய கட்டைகளிலேயே வாசித்துக்கொண்டு, சுருதியை மட்டும் ஏற்றவோ இறக்கவோ அது உதவும். சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட அந்த வசதியை முந்தைய பாட்டில் அரைக்கட்டை (கீபோர்டில் அடுத்த கட்டை அளவு) ஏற்றி வைத்திருந்தவன், பழையபடி மாற்ற மறந்துவிட்டேன். அடுத்த பாட்டின் முன்னிசையை நான் தனியாகத்தான் தொடங்க வேண்டும். தொடங்கினேன். பாடகர் என்னைக் கேட்டு என் சுருதியிலேயே பல்லவியை எடுத்தார். பிறகு கிதாரும் பேஸும் புல்லாங்குழலும் தங்களுக்குரிய சரியான சுருதியில் உள்ளே வந்தன. அரைக்கட்டை வித்தியாசம் என்பது மிகக் கொடியது. நான்கு கட்டை வித்தியாசம் இருந்தால் யாரோ வேறு பாட்டு வாசிப்பதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள். அரைக்கட்டை என்றால் அதே பாட்டைக் கழுத்தை நெரித்துப் பாடுவதாகத் தோன்றும்.

பேஸ் வாசித்த நண்பர் இரண்டாவது தாளவட்டத்திலேயே நோயைக் கண்டுபிடித்து, கையை ஒரு வளையம் மேலே நகர்த்தி என்னோடு சேர்ந்துகொண்டார். கிதார்காரர் அவர் கையைப் பார்த்துத் தானும் நகர்ந்தார். புல்லாங்குழலை அப்படி நகர்த்த முடியாது, துளையிட்டது துளையிட்டதுதான். அவர் தம் குழலை வேட்டியில் துடைப்பவர்போலச் சிறிது நேரம் பாவனை செய்துவிட்டு, ஒரு டஜன் குழல்கள் கொண்ட பெட்டியில் துழாவி, இரண்டாம் இடையிசைக்குள் சரியான குழலோடு வந்து சேர்ந்தார். மீட்க முடியாமல் போனவர் பாடகர் ஒருவர்தான். சரணத்தின் உச்சியில் ஏற்கெனவே அவர் தொட்டும் தொடாமலும் பாடும் ஒரு ஸ்வரம், அன்று அரைக்கட்டை உயரத்தில் இருந்தது. அங்கே அவருடைய குரல் கிழிந்த ஓசையை ஒலிபெருக்கி அடுத்த தெரு வரை கொண்டுபோனது. எனக்குச் சேர வேண்டிய பழியை அவர் ஏற்றுக்கொண்டு, தமக்குத் தொண்டை கட்டியிருப்பதாக அறிவித்தார். அதற்குப் பிறகு ஓராண்டு அவருடைய காப்பிச் செலவு என்னுடையது.

ஆறுதலுக்காக நான் அடிக்கடி பார்க்கும் ஒரு படப்பதிவு உண்டு. ஆம்ஸ்டர்டாமில், ரிக்கார்டோ ஷையி வாத்தியக் குழுவை நடத்திய ஒரு பகல்நேர நிகழ்ச்சியில் பியானோ கலைஞர் மரியா ஜுவாவ் பிரஸ் அமர்ந்திருக்கிறார். பார்வையாளர் முன்னிலையில் நடந்த ஒத்திகை அது. வாத்தியக் குழு மொட்ஸார்ட்டின் இருபதாம் பியானோ கான்செர்ட்டோவைத் தொடங்குகிறது. அவர் தயார் செய்துகொண்டு வந்ததோ மொட்ஸார்ட்டின் வேறொரு கான்செர்ட்டோ. அந்த முகத்தைப் பார்த்தால் மேடை ஏறிய எவனுக்கும் வயிறு கலங்கும். பியானோ நுழைவதற்கு முன் வாத்தியக் குழு இரண்டு நிமிடங்களுக்கு மேல் தனியாக வாசிக்கும் என்பது ஒன்றே அவருக்கிருந்த அவகாசம். ஷையி கையை நிறுத்தாமல், புன்னகை மாறாமல், இது உங்களுக்குத் தெரிந்ததுதானே, உங்களால் முடியும் என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே நடத்துகிறார். தம் முறை வந்ததும் பிரஸ் நினைவிலிருந்தே வாசிக்கிறார். ஷையி அந்த இடத்தில் வாத்தியக் குழுவை நிறுத்தியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. நிறுத்தாததுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன்.

பாடகருக்குச் சாகித்தியம் மறந்துபோனால்? (வாசகி, காஞ்சிபுரம்)

பக்கத்தில் இருப்பவர் அந்த இடத்தை வில்லால் மூடுவார். வயலினில் சொற்கள் கேட்காது என்பது எங்கள் வாத்தியத்தின் பெரிய குறை என்று சொல்வார்கள். அந்த ஒரு கணத்தில் அதுவே பெரிய வசதி. சில பாடகர்கள் சொல் மறந்ததும் அதே அடியை நிரவல்போல (ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடுவதுபோல) இன்னும் நான்கு முறை சுற்றி, ஐந்தாவது முறையில் நினைவைப் பிடித்துவிடுவார்கள். ரசிகர்கள் அதைத் திடீர் உத்வேகம் என்று எண்ணி ‘ஆஹா’ என்பார்கள். எல்லா விதத்திலும் துணிந்தவர் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட். 1960 பிப்ரவரி 13 அன்று பெர்லினில் ‘மேக் த நைஃப்’ பாடும்போது வரிகள் மறந்துவிட, தாம் மறந்துவிட்டதையே பாட்டில் வைத்து, அந்த இடத்திலேயே புது வரிகள் கட்டிப் பாடினார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. மடியில் ஐபேடு வைத்துக்கொண்டு பாடுவது சரியா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் திரை அணைந்துபோனதும் பாடகர் அதைத் தட்டுகிற தட்டு எப்போதும் தாளத்துக்கு வெளியில்தான் விழுகிறது.

என் மகன் கிதார் வாசிக்கிறான். மைக்கில் உதடு படும்போது சுரீரென்கிறது என்கிறான். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இது சாதாரணமா? (வாசகர், மதுரை)

கேலிக்குரிய விஷயம் அல்ல. தயவுசெய்து மகனை அந்த மேடையில் வாசிக்க விடாதீர்கள். எலக்ட்ரிக் கிதாரின் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்திருக்கும். மைக்கின் உலோகக் கூடு மிக்ஸரின் எர்த்தோடு இணைந்திருக்கும். இவற்றில் ஒன்றின் எர்த் அறுந்து, அதில் மின்கசிவும் இருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயும். 1972 மே 3 அன்று பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில், ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். அவருக்கு வயது 27. 1969 உட்ஸ்டாக் விழாவில் மழையில் நனைந்த மேடையில் ‘கிரேட்ஃபுல் டெட்’ குழுவினர் கிதாரைத் தொடும்போதெல்லாம் அதிர்ச்சி வாங்கியபடி வாசித்தது இன்று வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுகிறது; அவர்கள் உயிரோடு இறங்கிவந்ததால்தான் அது வேடிக்கைக் கதை.

மைக்செட்காரரிடம் மூன்று முனை பிளக்கின் எர்த் முனை ஒடிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; நம் ஊர்ப் பந்தல்களில் இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஜெனரேட்டருக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா, மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம் பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

பெரிய மேதைகளுக்கும் மேடையில் இப்படி நேர்ந்ததுண்டா? (வாசகர், சேலம்)

பேத்தோவனுக்கே நேர்ந்தது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், தம் ஐந்தாம், ஆறாம் சிம்பொனிகளையும் நான்காம் பியானோ கான்செர்ட்டோவையும் வேறு பலவற்றையும் ஒரே மாலையில் அரங்கேற்றினார். நான்கு மணி நேர நிகழ்ச்சி, போதாத ஒத்திகை, கடுங்குளிர். கடைசியில் அவரே பியானோ வாசித்த ‘கோரல் ஃபான்டசி’ பாதியில் குலைந்து, நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது கூடுதல் தண்டனையாக இருந்திருக்கும்.

பக்கவாத்தியக்காரர் வராமலே போனால் கச்சேரி எப்படி நடக்கும்? (வாசகர், நாகர்கோவில்)

சபையில் எவரையாவது தேட வேண்டியதுதான். 1973 நவம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோ அருகே நடந்த ‘த ஹூ’ ராக் குழுவின் நிகழ்ச்சியில் டிரம்ஸ் வாசித்த கீத் மூன் மயங்கிச் சரிந்தபோது, கூட்டத்தில் யாருக்காவது டிரம்ஸ் தெரியுமா என்று கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் மைக்கிலேயே கேட்டார். ஸ்காட் ஹால்பின் என்ற பத்தொன்பது வயது ரசிகர் மேடையேறி மூன்று பாட்டுகளுக்கு வாசித்தார்.

நான் கண்டது அவ்வளவு பெரிய மேடை அல்ல. ஒரு சிற்றூரில் மிருதங்க வித்துவான் வந்த பேருந்து ரயில்வே கேட்டில் சிக்கிக்கொண்டது. கைப்பேசி இல்லாத காலம். செயலாளர் சபையைப் பார்த்துக் கைகூப்ப, அரைக்கால் சட்டை போட்ட ஒரு பையனை அவன் தாத்தா முதுகில் தட்டி எழுப்பி அனுப்பினார். வாத்தியத்தைப் பக்கத்துத் தெருவிலிருந்து கொண்டுவந்தார்கள். அதன் சுருதிக்கு ஏற்பப் பாடகர் தம் சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொண்டார். பையனின் கை நடுங்குவதைப் பார்த்தவர், அடுத்தடுத்து ஆதி தாளத்திலேயே, மத்தியம காலத்திலேயே பாடினார்; அன்றைக்குத் திட்டமிட்டிருந்த, ஏழு எண்ணிக்கை கொண்ட மிச்ரசாபு தாள உருப்படியைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவில் வித்துவான் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். மேடைக்கு வரவில்லை. முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்து, பையனுக்குத் தெரியும்படி கையை உயர்த்திப் பாட்டு முடியும்வரை தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் அவன் எழுந்த வேகத்தில் ஒரு செருப்பை மேடை அருகிலேயே விட்டுவிட்டு ஓடினான்.

மேடைக்கு வரும் துண்டுச் சீட்டுகளில் எல்லாம் பாட்டு வேண்டுகோள்தான் இருக்குமா? (வாசகி, சென்னை)

நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு மாலை, தோடியில் ராகம் தானம் பல்லவி நடந்துகொண்டிருந்தபோது மடித்த சீட்டு ஒன்று பாடகரிடம் வந்தது. அவர் கண்ணைத் திறக்காமலேயே அதை வாங்கித் தம் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் இன்னொரு சீட்டு. அதுவும் அங்கேயே போயிற்று. மூன்றாவது சீட்டு என்னிடம் வந்தது. என் கையில் வில் இருந்ததால் தம்பூரா மீட்டிய பெண்ணிடம் தள்ளினேன். அவர் மரியாதை கருதிப் பிரிக்கவில்லை. எல்லாம் முடிந்து மங்களம் பாடிய பிறகு மூன்றையும் பிரித்தோம். மூன்றிலும் ஒரே செய்திதான் இருந்தது: செயலாளரின் ஸ்கூட்டர் சாவி சுருதிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது, எடுத்துத் தரவும். முதல் வரிசையில் அவர் ஒன்றேகால் மணி நேரம் இமை கொட்டாமல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்ததை, எங்கள் தோடிக்குக் கிடைத்த மரியாதை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.